எட்ஜ்வுட் குன்றின் வசந்தப் பூக்கள்: சின்னக் குழந்தையோடு போகலாமா?

கேள்வி, மார்ச் 8

நாங்கள் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருக்கிறோம். வீட்டில் நான்கு வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் இருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காட்டுப்பூக்கள் பார்க்க அழைத்துப் போக ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் பாப்பிப் பூக்கள் மூடும் மலைகளைத்தான் சொல்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அப்படி எதுவும் இல்லை, இங்கே இருப்பதெல்லாம் வெறும் புல்தான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா?

மார்ச் 8, இரவு

உண்மையில்லை. உங்கள் வீட்டிலிருந்து 280 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் அரை மணி நேரம் போனால் ரெட்வுட் சிட்டியில் எட்ஜ்வுட் பூங்கா இருக்கிறது. மொத்தமே 467 ஏக்கர். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் சாதாரணப் புல்மேடாகத்தான் தெரியும், அதனால்தான் உங்கள் நண்பரைப் போலப் பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்தப் புல்மேட்டின் மேல்பகுதி மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாக மாறிக்கொண்டே இருக்கும்.

ஆன்டிலோப் பள்ளத்தாக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே லங்காஸ்டர் பக்கம் இருக்கிறது. இங்கிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். நான்கு வயதுக் குழந்தையைக் காரில் அத்தனை நேரம் கட்டிப்போட்டு, அங்கே காற்று வீசி பாப்பிகள் எல்லாம் மூடிக்கிடப்பதைப் பார்த்துத் திரும்ப வேண்டிய நிலை வரலாம். உறவினர் யாராவது தெற்கே இருந்து, இரண்டு இரவு தங்கிப் போவதென்றால் அது வேறு கதை. அங்கே சக்கர நாற்காலி போகிற மாதிரி தளம் போட்ட பாதையும் கொஞ்சம் உண்டு என்பதால், உங்கள் மாமியாருக்கு உண்மையில் அது வசதியாக இருக்கும்.

மார்ச் 9

முழங்கால் விஷயத்தை நேற்று முழுதாக யோசிக்காமல் தூங்க மனம் வரவில்லை, ஆகவே பாதையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

எட்ஜ்வுட் சாலையில் இருக்கும் முதன்மை நுழைவாயிலில் வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் கல்வி மையமும் இருக்கின்றன. அங்கிருந்து சில்வன் பாதையில் ஏறினால் முதலில் ஓக் மரங்களின் நிழலில் வளைந்து வளைந்து மேலே போக வேண்டும். ஏற்றம் செங்குத்தாக இல்லை, ஆனாலும் ஏற்றம்தான். மரங்கள் முடிகிற இடத்தில் புல்வெளி திறந்துகொள்ளும். அங்கிருந்து செர்பென்டைன் பாதை என்ற பெயருடைய ஒற்றையடிப் பாதையைப் பிடித்தால் பூக்களுக்கு நடுவிலேயே நடக்கலாம். ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய மூன்று மைல் ஆகும்.

உங்கள் குடும்பத்துக்கு முழுச் சுற்று வேண்டாம் என்பது என் எண்ணம். புல்வெளியை எட்டி, அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, போன வழியிலேயே திரும்புங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் நோகும், எனவே மாமியாருக்குக் கைத்தடி ஒன்று அவசியம். ஸ்ட்ரோலர் இந்தப் பாதைகளுக்கு ஒத்துவராது. குழந்தை களைத்துப்போனால் தோளில் தூக்க வேண்டியதுதான். நாய், சைக்கிள் இரண்டுக்கும் அனுமதி கிடையாது. குழந்தையோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வசந்த காலத்து வார இறுதிகளில் பூங்காவின் தன்னார்வ வழிகாட்டிகள் இலவசமாக நடத்திச் செல்லும் பூ நடைகள் உண்டு. அவை நன்றாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் நீளும். குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வரக்கூடியவர்கள் அதில் கட்டாயம் சேர்ந்துகொள்ளுங்கள்.

மார்ச் 12

"அங்கே போனேன், பூ ரொம்பச் சின்னதாக இருக்கிறது, போட்டோவில் எதுவும் வரவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, பூக்கள் சின்னவைதான். தோவாளைப் பூச்சந்தையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவை முதலில் ஒரு பொருட்டாகவே படாது. கோல்ட்ஃபீல்ட்ஸ் என்ற மஞ்சள் பூவின் செடி பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. லினாந்தஸ் என்ற நட்சத்திரப் பூ விரல் நகத்தளவுதான். ஆயிரக்கணக்கில் சேர்ந்து பூப்பதால் தொலைவிலிருந்து நிறம் தெரிகிறது. ஆனால் இந்த இடத்தின் உண்மையான செல்வம் பாதையோரம் குத்தவைத்து உட்கார்ந்தால்தான் கண்ணில் படும், அதனால்தான் நான்கு வயதுக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். அவர்கள் கண்மட்டமே தரைக்கு அருகில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழந்தைக்குக் காட்டச் சொல்வேன். நீலமும் ஊதாவும் கலந்த லூபின் பூக்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி; பூவின் அமைப்பைப் பார்த்தவுடனே உங்கள் மாமியார் அடையாளம் கண்டுகொள்வார். ஒவ்வொரு பூவிலும் மேலே நிமிர்ந்திருக்கும் அகலமான இதழின் நடுவில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். கொத்தின் கீழ்ப்பக்கப் பூக்களைப் பாருங்கள், அங்கே அதே பொட்டு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்து முதிர்ந்த பூவில் பொட்டு நிறம் மாறிவிடுகிறது. தேனீக்கள் வெள்ளைப் பொட்டுள்ள பூக்களைத் தேடிப் போகவும், சிவந்தவற்றை விட்டுவிடவும் பழகிக்கொள்கின்றன. கொத்தின் அருகே அசையாமல் சிறிது நேரம் உட்கார்ந்தால், தேனீ எந்தப் பூவுக்குப் போகிறது என்பதைக் குழந்தை தானே சொல்லிவிடும். என் மகன் ஒரே கொத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொரு தேனீக்கும் "சரி", "தப்பு" என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். நடை அதோடு முடிந்தது, எங்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

மார்ச் 12, சற்றுப் பிறகு

நேரத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் கிளம்பிவிடாதீர்கள். கலிஃபோர்னியா பாப்பி குளிரிலும் மேகமூட்டத்திலும் இதழ்களைச் சுருட்டிக்கொள்ளும். பத்து, பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும்தான் விரியும். மாலையில் மறுபடி மூடிக்கொள்ளும். கோல்ட்ஃபீல்ட்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. எனவே நிழலான ஏற்றத்தைக் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, வெயில் உறைக்கும் நேரத்தில் புல்வெளியில் இருப்பது தோதாக இருக்கும். மேலே நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் தாராளமாக எடுத்துப் போங்கள்.

பாப்பி மொட்டை மூடியிருக்கும் கூம்பையும் காட்டுங்கள். பூ விரியும்போது அந்தக் கூம்பு முழுத் தொப்பியாகக் கழன்று விழும். செடியின் கீழே உதிர்ந்து கிடக்கும் தொப்பிகளைக் குழந்தைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

மார்ச் 15

"புல் எல்லா இடத்திலும் இருக்க, பூ மட்டும் ஏன் அங்கே?" என்ற கேள்விக்குப் பதில் மண்ணில் இருக்கிறது.

எட்ஜ்வுட் மேட்டின் நடுவில் செர்பென்டைன் என்ற பச்சை கலந்த, வழவழப்பான பாறை வெளியே தலைகாட்டுகிறது. கலிஃபோர்னியா 1965இல் தன் மாநிலப் பாறையாக அறிவித்தது இதைத்தான். இது பொடிந்து உண்டாகும் மண் பயிர் வைக்கிறவர்களுக்கு உதவாது. சுண்ணாம்புச் சத்து குறைவு, மக்னீசியம் மிக அதிகம், நிக்கலும் குரோமியமும் உண்டு, தழைச்சத்து சொற்பம். ஐரோப்பியர்கள் கால்நடைகளோடும் விதைகளோடும் கொண்டுவந்த காட்டு ஓட்ஸும் ரைப்புல்லும் கலிஃபோர்னியாவின் மற்றப் புல்வெளிகளையெல்லாம் மூடிவிட்டன. நீங்கள் நெடுஞ்சாலையோரம் பார்க்கும் பச்சைக் குன்றுகள் பெரும்பாலும் அந்த வந்தேறிப் புற்கள்தான். செர்பென்டைன் மண்ணில் மட்டும் அவற்றால் எளிதில் காலூன்ற முடியவில்லை. இந்த மண்ணுக்குப் பழகிய உள்ளூர்ப் பூச்செடிகள் அங்கே தப்பிப் பிழைத்தன. வளமான மண்ணில் புல்லோடு போட்டி போட முடியாத சின்னச் செடிகள், இந்த ஏழை மண்ணில் தலைநிமிர்ந்து நிற்கின்றன.

ஓக் நிழலிலிருந்து வெளியே வந்து நூறு அடி நடந்தால் இந்த மாற்றத்தைக் கண்ணால் காணலாம். இடுப்பளவுப் புல் சட்டென்று கணுக்காலளவாகிவிடும், அந்த இடத்திலிருந்து பூக்கள் தொடங்கும்.

சான் மாட்டியோ தார்ன்மின்ட் என்ற சின்னஞ்சிறு செடி உலகத்திலேயே இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. இந்த இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் கட்டப் பல ஆண்டுகள் திட்டம் இருந்தது. உள்ளூர் மக்கள் விடாமல் எதிர்த்து, 1993இல் இதை இயற்கைக் காப்பகமாக அறிவிக்க வைத்தார்கள். அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு நான் ஒவ்வொரு வசந்தத்திலும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 16

"பாப்பியைப் பறித்தால் சிறை, கலிஃபோர்னியாவில் அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது" என்று எழுதியிருப்பவருக்கு: 1903 முதல் அது மாநில மலர் என்பது சரி. பாப்பிக்கென்று தனிச் சட்டம் இருப்பதாகப் பேசிக்கொள்வது சரியல்ல. பொது நிலத்திலோ அடுத்தவர் நிலத்திலோ அனுமதியில்லாமல் எந்தச் செடியையும் வெட்டவும் பறிக்கவும் கூடாது என்பது பொதுவான விதி. பாப்பியும் அதற்குள் அடங்கும். உங்கள் வீட்டுத் தோட்டத்துப் பாப்பி உங்களுடையது. எட்ஜ்வுட்டில் எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது, தரையில் கிடக்கும் கல்லையும் எடுக்கக் கூடாது.

சாமிக்கு ஒரு பூ, தலைக்கு ஒரு பூ என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பழக்கம். கிளம்பும் முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது. என் அம்மாவிடம் காரிலேயே சொன்னேன், அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "விதை விழ வேண்டாமா, விடு" என்றார். இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுச் செடிகள் என்பதும், இந்த ஆண்டு விழும் விதைதான் அடுத்த ஆண்டின் பூ என்பதும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூடவே, பாப்பியின் இதழ்களைப் பார்த்து "இது பிரம்மதண்டுப் பூ மாதிரியே இருக்கிறதே" என்றார். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான்.

மார்ச் 19

பாய்சன் ஓக் என்ற நச்சுச் செடியைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் அங்கே அனுப்பக் கூடாது.

ஓக் நிழலில் ஏறும் பகுதியில்தான் இது அதிகம். மூன்று மூன்றாக அமைந்த இலைகள், வசந்தத்தில் செம்பு நிறம் கலந்த பளபளப்போடு துளிர்க்கும். பார்ப்பதற்கு அழகாக இருப்பதால் குழந்தைகள் தொடப் போவார்கள். அதன் எண்ணெய் தோலில் பட்டால் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். பெரியவர்களுக்குப் புரியவைக்க எளிய வழி ஒன்று உண்டு. சேங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம் இது. சேங்கொட்டை எண்ணெய் பட்டு உடம்பு புண்ணானவர்களைப் பார்த்த தலைமுறை என்பதால் உடனே விலகி நடப்பார்கள். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்துபோகிற உடம்புக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பாதையின் நடுவிலேயே நடந்தால் பயமில்லை. முழுக்கால் உடை, மூடிய காலணி, வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், போட்ட துணியைத் தனியாகத் துவைத்தல் ஆகியவை போதும். எண்ணெய் காலணியிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அதையும் துடைத்துவிடுங்கள். குளிக்கும்போதே முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குழந்தைக்குப் பார்த்துவிட வேண்டும். வெயில் நாளில் ரேட்டில் ஸ்னேக் என்ற நச்சுப் பாம்பு பாதையில் படுத்திருக்கக்கூடும். குழந்தையை முன்னால் ஓடவிடாமல் கூடவே நடக்கச் செய்யுங்கள்.

மார்ச் 24

மண்ணைப் பற்றி 15ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அது பாதிக் கதைதான் என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பூவெளியில் பே செக்கர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சி வாழ்ந்தது. கறுப்பு, செம்மஞ்சள், வெண்மஞ்சள் கட்டங்கள் கொண்ட சிறகு. இதன் புழுக்கள் இசப்கோல் இனத்தைச் சேர்ந்த ஒரு சின்ன உள்ளூர்ச் செடியையும் ஔல்ஸ் குளோவர் என்ற ஊதாப் பூச்செடியையும்தான் தின்னும். கோடையில் செடி காய்ந்துபோவதற்குள் புழு ஓரளவு வளர்ந்து, மழைக்காலம் வரும்வரை தூங்கப் போய்விட வேண்டும். 1987இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் கூட்டரசுப் பட்டியலில் சேர்ந்தது. 2002 வாக்கில் எட்ஜ்வுட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது.

காரணம் 280 நெடுஞ்சாலை. ஸ்டூவர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வழிமுறையை விளக்கினார். வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் சேர்மங்கள் காற்றின் வழியே மண்ணில் படிந்துகொண்டே இருக்கின்றன. தழைச்சத்து இல்லாததாலேயே காப்பாற்றப்பட்ட மண்ணுக்கு நாம் நாள்தோறும் காற்று வழியாக உரம் போட்டுக்கொண்டிருக்கிறோம். உரம் கிடைத்ததும் ரைப்புல் செழிக்கிறது, அந்தச் சின்னச் செடியை மூடிவிடுகிறது, புழு பட்டினி கிடக்கிறது. சாலைக்கு எவ்வளவு அருகிலோ, அவ்வளவு அடர்த்தியாகப் புல்.

இதைப் படித்த பிறகு என்னால் அந்தச் சாலையில் பழையபடி வண்டி ஓட்ட முடியவில்லை. பூப் பார்க்கப் போகும் என் காரும் அந்த உரத்தைப் போடுகிறது. அதனால் பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே வண்டியில் போக ஆரம்பித்தோம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அதையே எடுத்துப் போங்கள். புகையில்லாத வண்டி இந்த மேட்டுக்குச் செய்யும் நன்மை நேரடியானது. பூங்காவில் ரைப்புல் விதை முற்றுவதற்கு முன்னால் அளவறிந்து புல் வெட்டி, பிற இடத்துப் புழுக்களைக் கொண்டுவந்து விட்டு, பட்டாம்பூச்சியை மீட்கும் முயற்சிகள் 2007 முதல் நடந்துவருகின்றன.

மார்ச் 25

"மாடு மேய்கிற இடத்தில் பூ எப்படி மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறார்கள். செர்பென்டைன் மண்ணில் நடப்பது நேர்மாறானது. சான் ஹோசேயின் தென்கிழக்கில் கயோட்டி ரிட்ஜ் என்ற மலைமுதுகு முழுக்க இதே பாறைதான், 101 நெடுஞ்சாலையின் புகை அங்கும் படிகிறது. ஆனால் அங்கே மாடுகள் மேய்கின்றன. மாடு விரும்பித் தின்பது உயரமான ரைப்புல்லை. தரையோடு ஒட்டிய சின்னப் பூச்செடிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேய்ச்சலை நிறுத்திய நிலங்களில் புல் மூடி, பட்டாம்பூச்சி சில ஆண்டுகளில் மறைந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள். இன்று இந்த இனத்தின் மிகப் பெரிய கூட்டம் கயோட்டி ரிட்ஜில்தான் இருக்கிறது, எட்ஜ்வுட்டுக்குப் புழுக்கள் போனதும் அங்கிருந்துதான். 2023இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏற்றம் கடுமை, குழந்தைக்கும் முழங்கால்காரருக்கும் அது வேண்டாம்.

ஏப்ரல் 2

இத்தனை பேருக்கு இந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது சரியா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

2019இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் லேக் எல்சினோர் நகருக்குப் பக்கத்து வாக்கர் கான்யனில் பாப்பிகள் மலையையே மூடின. கூட்டம் தாங்காமல் ஊரே திணறியது. படம் எடுப்பதற்காகப் பூக்களின் நடுவில் இறங்கிப் படுத்தவர்களால் மலைச்சரிவில் புதுத்தடங்கள் விழுந்தன. 2023இல் பூ வந்தபோது அந்தப் பள்ளத்தாக்கையே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். கெடுதல் செய்ய வேண்டும் என்று வந்தவர் அங்கே யாருமே இருந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் இரண்டே அடி உள்ளே போயிருப்பார்கள்.

போன ஞாயிறு எட்ஜ்வுட்டிலும் ஒரு குடும்பம் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைக் கோல்ட்ஃபீல்ட்ஸுக்கு நடுவில் நிறுத்தப் போனது. அந்த அம்மாவிடம், பாதை ஓரத்திலேயே குழந்தையை உட்காரவைத்து, போனைத் தரையளவுக்கு இறக்கி எடுங்கள், முன்னாலும் பின்னாலும் பூ நிறைந்து தெரியும் என்று சொன்னேன். எடுத்துப் பார்த்து மகிழ்ந்து போனார்கள். கூட்டத்தைக் கண்டு இடத்தை மறைப்பதைவிட, வருகிறவர்களுக்கு நடக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மேட்டைக் காதலிக்கிறவர்கள் இருந்ததால்தானே அது கோல்ஃப் மைதானமாகாமல் தப்பித்தது.

ஏப்ரல் 7

நாளை மழை என்கிறார்கள், சனிக்கிழமை போகலாமா என்று கேட்டவருக்கு: மழை விட்டு இரண்டு நாளாவது போகட்டும். அந்தக் களிமண் ஈரத்தில் காலணியோடு அப்பிக்கொள்ளும், மாமியாருக்கு வழுக்கும். சேற்றைத் தவிர்க்க எல்லோரும் பாதையின் ஓரத்துக்கு ஒதுங்க, மிதிபடுவது ஓரத்துப் பூக்கள்தான்.

மே 18

ஏப்ரலில் போக முடியவில்லை, இனிப் போய்ப் பயனுண்டா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உண்டு, ஆனால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள். செர்பென்டைன் மேடு பழுப்பாகிவிட்டது, கோல்ட்ஃபீல்ட்ஸ் விதையாகிவிட்டது. இப்போது புல் காய்ந்த சரிவுகளில் கிளார்க்கியா பூக்கிறது. இளஞ்சிவப்புக் கிண்ணம் போன்ற நான்கிதழ்ப் பூ. ‘வசந்தத்துக்கு விடை’ என்ற பொருளில் இங்குள்ளவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கன்யாடா சாலைப் பக்கத்து நுழைவாயிலுக்கே கிளார்க்கியா என்றுதான் பெயர். அங்கே சாலையோரம்தான் வண்டி நிறுத்த வேண்டும், பாதை முழுக்க வெயில், ஆகவே காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.

அடர்ந்த பூக்கள்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்கைலைன் சாலையும் ஆல்பைன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ரஷ்யன் ரிட்ஜுக்குப் போகலாம். உயரம் அதிகம் என்பதால் அங்கே வசந்தம் தாமதமாக வரும், மே மாதத்திலும் லூபினும் பாப்பியும் மிச்சமிருக்கும். மலைமுதுகில் காற்று பலமாக அடிக்கும். குழந்தைக்குக் காதை மூடும் குல்லாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.